கணினியில் குடிக்கூலி வாழ்வு

கணினி என்னும் கருவி நம்மவர் வாழ்வில் நுழைந்து ஒரு தலைமுறைக் காலம் ஆகிவிட்டது. தோட்டப்புறத்துத் தமிழ்ப்பள்ளி முதல் ஆலயச் செயலவையின் வரவு செலவுக் கணக்கு வரை அது புகாத இடமில்லை. ஆயுத பூசையன்று அதற்குச் சந்தனமும் குங்குமமும் இடுகின்றோம். பரிசளிப்பு விழாவில் மாலையிட்ட தலைவர் கையால் அதைப் பெற்றுப் படம் பிடித்துக்கொள்கின்றோம். ஆனால் அது யாருடையது என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. காசு கொடுத்தவன் நான், ஆகையால் அது என்னுடையது என்று நினைத்துக்கொள்வதோடு காரியம் முடிந்துவிடுகின்றது. அந்த நினைப்பு உண்மைதானா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மலாக்கா மாநிலத்தில் ஜாசின் வட்டாரத்தில் நாம் நடத்திவரும் சிறு படிப்பகத்தில், சென்ற ஓராண்டாக லினக்ஸ் என்னும் கட்டற்ற இயங்குதளத்தைக் கொண்டே எல்லா வேலைகளையும் செய்து வந்திருக்கின்றோம். அதில் கண்ட நன்மை தீமைகளை ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிட்டு, நமது சங்கத்தாரையும் பெற்றோரையும் ஆசிரியரையும் சில கேள்விகள் கேட்க விரும்புகின்றோம். அக்கேள்விகள் கசப்பாயிருக்குமானால், நிலைமை கசப்பாயிருப்பதே அதற்குக் காரணம் என்று கொள்வார்களாக.

இயங்குதளம் என்பது யாது? கணினியின் இரும்பும் கண்ணாடியும் உடல் என்றால், விசையை அழுத்தியவுடன் எழுத்துத் தோன்றவும், எழுதியது சேமிக்கப்படவும், அச்சுப்பொறி அதை அச்சிடவும் செய்கின்ற அடிப்படை மென்பொருளே அவ்வுடலின் உயிர். அதற்குத்தான் இயங்குதளம் என்று பெயர். நம்மவர் வீட்டுக் கணினிகளில் பெரும்பாலும் இருப்பது மைக்ரோசாப்ட் கம்பெனியாரின் விண்டோஸ். அதை நாம் விலைக்கு வாங்கியதாகச் சொல்வது வழக்கம். ஆனால் அதனுடன் வரும் உரிமப் பத்திரத்தை ஒருமுறையேனும் படித்தவர்கள் எத்தனை பேர்? மென்பொருள் விற்கப்படவில்லை, பயன்படுத்திக்கொள்ள அனுமதி மட்டுமே அளிக்கப்படுகின்றது என்பதை அப்பத்திரம் மறைக்கவில்லை. அதன் மூலநிரலை, அதாவது அது எவ்வாறு எழுதப்பட்டிருக்கின்றது என்பதை, நாம் பார்க்க இயலாது. திருத்தவும் கூடாது. அண்டை வீட்டுப் பிள்ளைக்கு ஒரு பிரதி எடுத்துக் கொடுக்கவும் கூடாது. இதற்குப் பெயர் உடைமையா, குடிக்கூலியா?

இவ்வேற்பாடு மலாக்காத் தமிழருக்குப் புதியதன்று. 1896ஆம் ஆண்டில் டான் சாய் யான் என்னும் சீன வணிகர் இம்மாநிலத்துப் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர்க் கன்றுகளை நட்டு, மலாயாவில் வணிகத்துக்காக ரப்பர் பயிரிடும் தொழிலைத் தொடங்கி வைத்தார். அதைத் தொடர்ந்து புக்கிட் அசகானிலும் பிற இடங்களிலும் காடழித்துத் தோட்டங்கள் எழுந்தன. அத்தோட்டங்களில் பால் மரம் சீவவும் களை எடுக்கவும் வந்தவர்கள் நம் முன்னோர். குடியிருக்க அவர்களுக்கு லயத்து வீடு கிடைத்தது. அங்கே பிள்ளை பெற்றார்கள். வாசலில் முருங்கையும் வாழையும் வைத்தார்கள். முதியோரை அவ்வாசல் வழியே சுடுகாட்டுக்கு எடுத்துச் சென்றார்கள். ஆயினும் கூரையில் ஓட்டை விழுந்தால் கிராணியாரிடம் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டியதே முறையாயிருந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டங்கள் வந்த காலத்தில், தோட்டம் கைமாறிவிட்டது, வீட்டைக் காலி செய்க என்று பல தோட்டங்களில் நோட்டீசு வந்தது. மூன்று தலைமுறையாகச் சொந்தம் என்று எண்ணியிருந்த வீடு சொந்தமன்று என்பது, நோட்டீசு வந்த அன்றுதான் பலருக்கு விளங்கிற்று.

கணினி உலகத்திலும் அவ்வித நோட்டீசு ஒன்று வந்தது. 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10 என்னும் பதிப்புக்குத் தரப்பட்டுவந்த பொதுவான ஆதரவு முடிவடைந்தது. அடுத்த பதிப்பாகிய விண்டோஸ் 11, குறிப்பிட்ட பாதுகாப்புச் சில்லும் புதிய செயலியும் உள்ள கணினிகளையே முறைப்படி ஏற்றுக்கொள்ளும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த கணினிகள் எத்தனையோ இந்த விதியால் ஒரே நாளில் பழையன ஆயின. சில நிபந்தனைகளுக்கு உட்பட்டோருக்கு மேலும் சிறிது காலத் தவணை தரப்பட்டது என்பதையும் சொல்லிவிடுகின்றோம். கம்பெனியார் சட்டத்தை மீறினார்கள் என்று நாம் கூறவில்லை. உடைமையாளன் தன் உரிமையைச் செலுத்தினான். குடியிருந்தவனுக்குச் செலுத்துவதற்கு உரிமை ஒன்றும் இருக்கவில்லை. நாம் சொல்ல வந்தது அவ்வளவுதான்.

இதற்கு மாற்று வழி ஒன்று நெடுநாளாகவே இருந்து வருகின்றது. 1983ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ரிச்சர்டு ஸ்டால்மன் என்பவர், யாவரும் ஓட்டவும், படித்து ஆராயவும், திருத்தவும், பிறருக்குப் பகிரவும் உரிமை உள்ள முழு இயங்குதளம் ஒன்றை எழுதப்போவதாக அறிவித்து, அதற்குக் குனு என்று பெயரிட்டார். 1991ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டின் எல்சிங்கிப் பல்கலைக்கழகத்து மாணவராயிருந்த லினசு டோர்வால்டுசு, இயங்குதளத்தின் கருவாகிய லினக்சை எழுதி வெளியிட்டார். இரண்டும் சேர்ந்து, உலகெங்குமுள்ள பல்லாயிரவர் கை வைத்துத் திருத்தி வளர்த்த பொதுச்சொத்தாயின. இதை எடுத்துத் திருத்தி வெளியிடுவோர், அதே உரிமைகளைப் பிறருக்கும் விட்டுவைக்க வேண்டும் என்பது அதன் உரிமத்தின் முக்கியமான நிபந்தனை.

இத்தத்துவம் நமக்கு அந்நியமானது என்று யாரேனும் கருதினால், அவர்கள் நம் நாட்டு வரலாற்றை மறந்தவர்கள் ஆவார்கள். தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டு நம் மக்கள் தெருவில் நின்ற காலத்தில், 1960ஆம் ஆண்டில், துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். தனியொரு தொழிலாளியால் கனவிலும் வாங்க முடியாத தோட்டத்தை, பல்லாயிரம் தொழிலாளிகள் தவணை தவணையாகக் கட்டிய வெள்ளியைக் கொண்டு வாங்கலாம் என்பதே அச்சங்கத்தின் அடிப்படை. கட்டற்ற மென்பொருளின் அடிப்படையும் அதுவே. இங்கே கட்டப்படும் தவணை பணமன்று, உழைப்பு. மற்றொரு வேற்றுமையும் உண்டு. நிலத்தைப் பத்துப் பேர் பங்கிட்டால் ஆளுக்குப் பத்தில் ஒன்றுதான் கிடைக்கும். மென்பொருளைப் பத்துப் பேர் பங்கிட்டாலோ பத்துப் பேருக்கும் முழுதாகக் கிடைக்கும்.

நிற்க. நமது ஓராண்டு அனுபவத்துக்கு வருவோம். படிப்பகத்தில் உள்ள எட்டுக் கணினிகளும், அலுவலகங்களில் ஒதுக்கப்பட்டு, இனி உதவா என்று பழுது பார்க்கும் கடைக்காரர் ஒருவரால் கைவிடப்பட்டவை. ஒவ்வொன்றிலும் நினைவகம் 4 ஜி.பி. மட்டுமே. இயங்குதளத்தை இணையத்திலிருந்து இறக்கி ஒரு பென்டிரைவில் எழுதிக்கொண்டோம். கணினியிலுள்ள வட்டைத் தொடாமலே அந்தப் பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பார்த்து, மனத்துக்குப் பிடித்தால் மட்டும் நிறுவிக்கொள்ளலாம் என்பது இதிலுள்ள வசதி. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பார்கள். இங்கோ, பல்லையும் பார், வயிற்றையும் திறந்து பார் என்று கொடுத்தவனே சொல்லுகின்றான்.

அந்த எட்டுக் கணினிகளும் இன்று நன்றாக ஓடுகின்றன. 1999ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 விசைப்பலகை முறையிலும், ஒலிப்பு முறையிலும் தமிழை எழுதுகின்றோம். லிப்ரே ஆபிஸ் என்னும் மென்பொருளில் பிள்ளைகள் கட்டுரை எழுதுகின்றனர். இளைஞர் மலாய் மொழியில் வேலை மனுத் தயாரிக்கின்றனர். பெண்கள் சிலர் தம் சிறு தொழிலுக்குக் கணக்கு எழுதுகின்றனர். உரிமத்துக்கென்று ஒரு காசும் செலவில்லை. கிருமித் தொல்லையும் ஓராண்டில் நேரவில்லை.

இனிக் குறைகள். நன்மையை மட்டும் சொல்லிப் பொருள் விற்பது சந்தைக்காரன் வேலை. நமக்கு அது வேண்டுவதில்லை. முதலாவது, அச்சுப்பொறிகளில் சில வகை இதனோடு ஒத்துழைப்பதில்லை. இரண்டாவது, கடைக்காரர்கள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருள்களுள் சில விண்டோசில் மட்டுமே ஓடும். மூன்றாவது, ஒருங்குறி என்னும் பொது முறை நிலைபெறுமுன், தமிழ் எழுத்துருச் செய்தவர் ஒவ்வொருவரும் எழுத்துகளைத் தம் மனம்போல ஒவ்வோர் இடத்தில் வைத்தார்கள். சங்கங்களும் ஆலயங்களும் அப்பழைய எழுத்துருக்களிலேயே இன்னும் அழைப்பிதழ் தயாரிப்பதால், அவை நமது திரையில் பொருளற்ற குறிகளாகத் தோன்றுகின்றன. இக்குறை லினக்சுக்கு மட்டும் உரியதன்று. உரிய எழுத்துரு இல்லாத எந்தக் கணினியிலும் அப்படியேதான் தோன்றும். நான்காவதாகச் சொல்வதே முக்கியமானது. திரையிலுள்ள கட்டளைகளைத் தமிழில் அமைத்துக்கொள்ள வசதியுண்டு என்றாலும், பாதி தமிழாகவும் பாதி ஆங்கிலமாகவும் நிற்கின்றன. தமிழாயிருக்கும் பாதியிலும் பிழைகள் உண்டு.

அப்பிழைகளில் ஒன்றைச் சொல்லுகின்றோம். ஒரு சிறு மென்பொருளில், வேண்டாத கோப்பை அகற்றுவதற்கான பொத்தானில் ‘நீக்கு’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘நீங்கு’ என்று இருந்தது. ஓரெழுத்துத் தவறுதான். படிப்பகத்துக்கு வரும் முதிய அம்மையார் ஒருவர், வாழ்நாள் முழுதும் பால் மரம் சீவியவர், பேரனுக்கு மடல் எழுதப் பழகிக்கொண்டிருந்தவர், அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். “தோட்டத்த வித்தப்பத்தான் நீங்கு நீங்குன்னாங்க. இந்தப் பொட்டியுமா நம்மள நீங்குன்னு சொல்லுது, தம்பி?” என்று கேட்டார். பக்கத்திலிருந்த இளைஞர், “இத நாமளே மாத்தலாம், பாட்டி” என்றார். அவ்வம்மையார் அதை நம்பவில்லை. இளைஞர் அம்மென்பொருளின் மொழிபெயர்ப்புக் கோப்பைத் திறந்து, பிழையைத் திருத்தி, அதைப் பேணுவோருக்கு அனுப்பினார். சில மாதங்களுக்குப் பின் வந்த புதுப்பிப்பில் ‘நீக்கு’ என்று சரியாக இருந்தது. நமது எட்டுக் கணினிகளில் மட்டுமன்று. அம்மென்பொருளைத் தமிழில் வைத்து அப்புதுப்பிப்பைப் பெற்றுக்கொண்ட எல்லார் கணினியிலும், அவர் யாழ்ப்பாணத்திலிருந்தாலும் மதுரையிலிருந்தாலும், ஜாசினில் ஒரு பாட்டி கண்ட பிழை திருத்தப்பட்டுவிட்டது.

இவ்வோராண்டின் பயன் என்ன என்று கேட்பார்க்கு நாம் காட்டுவது இதைத்தான். மிச்சப்பட்ட வெள்ளியை நாம் பெரிதாக நினைக்கவில்லை. கூரையில் ஓட்டை கண்டால் கிராணியாரிடம் சொல்லிக் காத்திராமல், நாமே ஏறி அடைக்கும் உரிமையைக் கண்டோம். நம் சமுதாயம் இந்நாட்டில் அனுபவித்தறியாத உரிமைகளுள் அது ஒன்று.

இதற்கு நம்மவர் கூறும் ஆட்சேபணைகளைப் பார்ப்போம். இலவசமாகக் கிடைப்பது மட்டமானது என்கின்றனர் சிலர். உலகத்தின் அதிவேகக் கணினிகள் ஐந்நூற்றைக் கணக்கிட்டு வெளியிடும் பட்டியலில், 2017ஆம் ஆண்டு நவம்பர் முதல் ஐந்நூறும் லினக்சிலேயே ஓடுகின்றன. இவ்வாட்சேபணையைச் சொல்பவர் கையில் ஆண்டிராய்டு கைப்பேசி இருக்குமானால், அதன் அடியில் இருப்பதும் லினக்சின் கருவே. அன்றியும், இலவசம் இழிவானது என்போர் சிலர் வீட்டுக் கணினியில் இருப்பது திருட்டுப் பிரதி. யாவருக்கும் உரிமையாக வழங்கப்பட்டதை எடுத்துக்கொள்வது இழிவாம், வழங்கப்படாததைத் திருடி வைத்துக்கொள்வது கௌரவமாம். இது என்ன நியாயம் என்று கேட்கின்றோம்.

அலுவலகங்களில் விண்டோஸ் இருக்கையில், இதைப் படித்த பிள்ளைக்கு வேலை கிடைக்குமா என்கின்றனர் வேறு சிலர். இது பெற்றோருக்கு உரிய கவலை. இதை நாம் எள்ளி நகையாட மாட்டோம். ஆனால் ஒரு வண்டியை ஓட்டப் பழகியவன் இன்னொரு வண்டியைக் கண்டு மலைப்பதில்லை. வண்டியைப் பிரித்துப் பார்த்தவனோ எந்த வண்டிக்கும் அஞ்சுவதில்லை. கேரளத்து அரசுப் பள்ளிகள் பல்லாண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளைக் கொண்டே கணினிக் கல்வியை நடத்தி வருகின்றன. அங்குள்ள பிள்ளைகள் வேலைக்கு ஆகாதவர்களாகிவிட்டார்களா? நம் மலேசிய அரசாங்கமே 2004ஆம் ஆண்டில் பொதுத்துறைக்கெனத் திறமூல மென்பொருள் பெருந்திட்டம் ஒன்றை வெளியிட்டது. அப்படி ஒன்று வந்ததையேனும் நம் சங்கத் தலைவர்களில் எத்தனை பேர் அறிந்திருப்பார்கள்?

கணினியில் தமிழ் எதற்கு, ஆங்கிலமும் மலாயும் போதாவா என்பது மூன்றாவது ஆட்சேபணை. இதைச் சொல்வோர் மலாக்கா நகரத்துக் கம்பொங் செட்டிக்கு ஒருமுறை சென்று வருவார்களாக. சுல்தான்கள் காலத்து வணிகராய் வந்த தமிழர் வழியில் தோன்றியவர்கள் அங்குள்ள செட்டி மக்கள். 1781ஆம் ஆண்டில் எழுந்த பொய்யாத விநாயகர் கோயிலையும், தம் முன்னோர் வழிபாட்டையும் இன்றளவும் பக்தியோடு காத்து வருகின்றார்கள். ஆனால் அவர்கள் வீட்டில் பேசும் மொழி மலாய். அவர்களை நாம் குறை கூறவில்லை. இத்தனை நூற்றாண்டாகத் தம் மரபைக் காத்த அவர்கள் மரியாதைக்குரியவர்கள். நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்றே. வழிபாட்டில் மட்டும் இருந்து, வேலையிலும் வணிகத்திலும் வழங்காத மொழி, வீட்டை விட்டும் போய்விடும். இன்று வேலையும் வணிகமும் நடக்கும் இடம் கணினித் திரை. அங்கே தமிழுக்கு இடமில்லை என்றால், திருவிழா மேடையில் இடமிருந்து என்ன பயன்?

கணினியில் தமிழ் வந்தது தானாக வந்ததன்று. நம் நாட்டு முத்து நெடுமாறன் 1985ஆம் ஆண்டிலேயே முரசு என்னும் தமிழ் மென்பொருளை உருவாக்கினார். அவர் அமைத்த எழுத்துரு பின்னர் ஆப்பிள் கம்பெனியாரின் கணினிகளிலும் இடம்பெற்றது. லினக்சுத் திரைகளைத் தமிழாக்கும் வேலையை, 2000ஆம் ஆண்டையொட்டித் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் அயல்நாடுகளிலும் இருந்த சில ஆர்வலர் கூலியின்றித் தொடங்கினர். 2012ஆம் ஆண்டு முதல் கணியம் என்னும் மின்னிதழ் கட்டற்ற மென்பொருளைத் தமிழிலேயே கற்பித்து வருகின்றது. இவர்கள் யாவரும் மேடையேறித் தமிழ் வாழ்க என்று முழங்கிவிட்டுப் போனவர்கள் அல்லர். உட்கார்ந்து வேலை செய்தவர்கள். சிலர் செய்த உழைப்பைக் காட்டிக்கொண்டு, ஒரு சமுதாயம் முழுவதும் கைகட்டி உட்கார்ந்திருப்பது மானமுள்ள செயலா?

ஆகவே, ஆண்டுதோறும் மடிக்கணினி வழங்கும் சங்கத்தாரைக் கேட்கின்றோம். நீங்கள் கொடுத்த கணினிகளில் எத்தனை இன்று ஓடுகின்றன? ஓடாதவற்றைத் திறந்து பார்க்க ஒரு பிள்ளைக்கேனும் கற்றுக்கொடுத்தீர்களா? கணினியைக் கொடுத்துவிட்டு அறிவைக் கொடாமல் விடுவது, லயத்து வீட்டைக் கொடுத்துவிட்டுப் பட்டாவைக் கொடாமல் விட்டதற்கு எவ்வகையில் மேலானது? ஆசிரியப் பெருமக்களையும் கேட்கின்றோம். தமிழ்ப்பள்ளியை மூடக் கூடாது என்று மகஜர் கொடுக்கும் நாம், அப்பள்ளிக் கணினியின் திரையில் தமிழை வைத்துக்கொள்ள வழியிருந்தும் வையாதது ஏன்?

பெரிய காரியம் ஒன்றும் நாம் கேட்கவில்லை. இம்மாநிலத்தில் 21 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. பள்ளிக்கு ஒரு பழைய கணினி, அதைக் கவனிக்க ஓர் ஆசிரியர், மாணவர் கழகம் ஒன்று. வாரத்துக்குப் பத்துச் சொற்களை மட்டும் அவர்கள் மொழிபெயர்த்தோ பிழை திருத்தியோ அனுப்புவார்களாக. பள்ளி நடக்கும் நாற்பது வாரத்தில் 21 பள்ளிகளும் சேர்ந்து 8,400 சொற்கள் ஆகும். இந்நாட்டின் சிறிய மாநிலங்களுள் ஒன்று, அரசாங்க மானியமும் தலைவர் தயவும் இன்றி, உலகத் தமிழர் யாவருக்கும் ஓராண்டில் செய்து கொடுக்கக்கூடிய வேலை இது. அதைச் செய்த பிள்ளைகள், கருவி என்பது வணங்குவதற்கன்று, பிரித்துப் பார்த்துத் திருத்துவதற்கே என்பதையும் உடன் கற்றிருப்பார்கள்.

ரப்பர் மரத்தின் பட்டையில் எந்த ஆழத்தில் கத்தி இறங்கினால் பால் வரும், எந்த ஆழத்தில் மரம் கெடும் என்பதை நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் அறிந்திருந்தார்கள். அறிவு அவர்களிடம் இருந்தது. மரம் அவர்களிடம் இல்லை. இன்று உலகம் முழுவதும் சேர்ந்து நட்ட மரமொன்று, யாவரும் வருக என்று வேலியில்லாமல் நிற்கின்றது. அதை அறிந்து ஆளும் அறிவைத் தேடிக்கொள்வதே நம் வேலை. நமது படிப்பகம் சனிக்கிழமைதோறும் திறந்திருக்கின்றது. மலாக்காத் தமிழர்கள் இனியாவது கணினியில் குடிக்கூலி வாழ்வை விட்டு, உடைமையாளராய் வாழ முன்வருவார்களா என்று கேட்டு முடிக்கின்றோம்.